நவமணியின் கடைசி முகம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு முன்னேற்றக் குறிப்பாகத் தொடங்கியது. நான் செய்துகொண்டிருக்கும் விளையாட்டின் இணையப் பக்கத்தில் மாதம் ஒரு குறிப்பு போடுவேன். வழக்கமாக நாலு வரி. மழைச் சத்தம் சேர்த்தாயிற்று. சேமிக்கும் பொத்தானில் இருந்த பிழை சரியாயிற்று. இந்த மாதம் நாலு வரியில் நிற்கவில்லை. அங்கே போட முடியாததை இங்கே போடுகிறேன்.

விளையாட்டு என்றதும் ஓடுவது, சுடுவது என்று நினைக்க வேண்டாம். இது விஷுவல் நாவல். திரையில் படம், கீழே வசனம். சில இடங்களில் பதிலை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதற்கேற்ப கதை வேறு பக்கம் போகும். எங்களுடையதில் நவமணி என்ற பெண் மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங்கிலிருந்து அடிவாரத்துத் தாப்பாவுக்கு பஸ்ஸில் இறங்குகிறாள். பக்கத்து இருக்கையில் ஒருவன். அவன்தான் நீங்கள். அவ்வளவுதான் கதை. வளைவுகள் நிறைய.

எங்களுடையது என்றேன். வசனமும் கணினி வேலையும் என்னுடையவை. படங்கள் வசுமதியுடையவை. வசுமதி என் மனைவி.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில் கோகிலன் தன் மடிக்கணினியின் முன்

[வேண்டாம். இங்கே எல்லா மாலையும் அப்படித்தான். கோகிலன் நான்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது.]

(ஆ) வசுமதி போன பிறகு கோகிலன் அழவில்லை. அவன்

[உண்மை. ஆனால் 'அவன்' என்பதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.]

(இ) அந்தக் கணினியில் 'தூக்கிப்போடு' என்று பெயரிட்ட புகைப்படங்கள் இருந்தன.

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

3

ஒரு பாத்திரத்துக்குப் பல முகங்கள் வேண்டும். கோபம், தூக்கம், சந்தேகம். வரைந்து முடியும்வரை அந்த இடத்தில் எதையாவது தற்காலிகமாக வைப்பார்கள். பெரும்பாலும் ஒரு சாம்பல் கட்டம். வசுமதிக்கு அது பிடிக்கவில்லை. தன் முகத்தையே அப்படி வைத்து, என்னைப் படமெடுக்கச் சொல்லி, அதைப் போட்டாள். படத்துக்குப் பெயர் 'தூக்கிப்போடு', பின்னால் ஓர் எண். தன் ஓவியம் வந்ததும் தூக்கிப்போட வேண்டியது என்று அர்த்தம்.

நவமணிக்கு பஸ்ஸில் தலைசுற்றும் காட்சி ஒன்று உண்டு. அதற்கான படம் அதே மலைப்பாதையில் ரிங்லெட் தாண்டி நிஜ பஸ்ஸில் எடுத்தது. நடிப்பு இல்லை.

"இதுல ஒண்ணு வெளிய போச்சு, உன்ன கொன்னுடுவேன்," என்றாள்.

"வாந்தி மூஞ்சிகூட நல்லாத்தான்லா இருக்கு."

"உனக்கு அப்படித்தான் இருக்கும். கட்டிக்கிட்டவன் வேற என்ன சொல்லுவ?"

[கல்லூரியில் ஒரே வகுப்பு. அதனால் இருவருக்கும் நீ, வா, போதான். பெரியவர்கள் முன்னால் மட்டும் 'நீங்க' என்பாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.]

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நான் வசனத்தை முடித்துக் கொடுக்காமல் முகத்தை வரைய மாட்டாள். "அவன் என்ன சொன்னான்னு தெரியாம, இவ எப்படிப் பாப்பா?"

அவளுக்குக் காய்ச்சல். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். நான் மட்டும் ஏறி வந்தேன். அதைப் பற்றி இந்தக் கதையில் இவ்வளவுதான்.

4

அந்த மாதக் குறிப்பில் 'வசுமதி இனி வரைய மாட்டார்' என்று எழுதினேன். கிள்ளானிலிருந்து ஷர்வின் என்பவர் எங்கள் பக்கத்தை விடாமல் தொடர்கிறார். 'அவங்க புது வேலைக்கு என் வாழ்த்தச் சொல்லுங்க ப்ரோ' என்று கீழே எழுதியிருந்தார்.

அதற்கு ஒரு விருப்பக்குறி போட்டேன். திருத்தி எழுதலாம் என்று

[எழுதவில்லை.]

எங்கள் பக்கத்தில் ஒரு பட்டை உண்டு, வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டுவதற்கு. அது பாதியில் நின்றது. பல மாதம் நின்றது.

5

இங்கே நாதிரா வருகிறாள். பிரிஞ்சாங்கில் பஷீர் அண்ணனின் சாப்பாட்டுக் கடையில்தான் நான் இப்போது சாப்பிடுகிறேன். நாதிரா அவருடைய மகள். கோலாலம்பூரில் ஓவிய வடிவமைப்பு படித்துவிட்டு வந்திருக்கிறாள். கடையின் மெனு பலகையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் முகம் வரைந்து வைத்திருப்பாள். ரொட்டி சானாய் கொட்டாவி விடும். மீன் கறிக்கு ஏதோ வருத்தம்.

[முதல் வரைவில் நாதிராவை மிகவும் இரக்கமுள்ளவளாக எழுதியிருந்தேன். கண் கலங்கினாள் என்றெல்லாம். அவளிடமே காட்டினேன். "இது யாரு அண்ணே? எங்க வீட்டுல இப்படி யாரும் இல்லியே," என்றாள். எடுத்துவிட்டேன்.]

மிச்ச முகங்களை அவள் வரைய ஆரம்பித்தாள். ஓவியம் ஒன்று வரும். அதை உள்ளே வைப்பேன். புகைப்படம் ஒன்று வெளியே போகும். கோபம் போனது. தூக்கம் போனது. தலைசுற்றல் போனது. பட்டை ஏறியது. ஷர்வின் பட்டாசுப் படம் போட்டார்.

நாதிராவின் ஓவியங்கள் நன்றாக இருந்தன. அதுதான் கஷ்டம். மோசமாக இருந்தால் மறுத்திருப்பேன்.

புகைப்படங்கள் அழிந்துவிடவில்லை. என் ஃபோனில் இருக்கின்றன. ஆனால் விளையாட்டுக்குள் நான் ஒரு பதிலை அழுத்தினால் வசுமதி முகம் மாறுவாள். கிண்டலாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முறைப்பாள். ஃபோனில் இருப்பவள் அப்படிச் செய்வதில்லை.

6

ஒரே ஒரு புகைப்படம் மிச்சம். கடைசிக் காட்சி. தாப்பாவில் நவமணி இறங்கிவிடுகிறாள். அவன் ஜன்னல் வழியாக ஏதோ சொல்கிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அந்த இடத்தில் வசுமதி திரும்பிப் பார்க்கிறாள். அவன் சொல்வதை நான் எழுதவில்லை. அதனால் முகமும் வரையப்படவில்லை.

"அண்ணே, கடைசி வசனம் என்னாச்சு?" நாதிரா என் மேசையைத் துடைத்தபடி கேட்டாள்.

"யோசிக்கிறேன்."

"போன மாசமும் யோசிச்சீங்க."

"கஷ்டமான இடம்."

"'பாத்துப் போங்க'ன்னு போடுங்க. பஸ்ஸுல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"சாதாரணமா இருக்கு."

"நீங்க எழுத மாட்டீங்க. எழுதினா நான் வரைஞ்சிடுவேன்ல."

கல்லாவிலிருந்து பஷீர் அண்ணன் குரல் கொடுத்தார். "நாதிரா, மூணாவது மேசைக்கு மாகி கோரேங் ஆறிப் போவுது."

"தோ வரேன் அத்தா."

போய்விட்டாள். [இந்த இடத்தில் ஒரு அமைதி எழுதியிருந்தேன். அமைதி எதுவும் இல்லை. தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஓடியது. யாரோ கோல் போட்டார்கள்.]

திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கோவமா?"

"இல்ல."

"அந்த ஃபோட்டோவ எத்தன தடவ பாத்துட்டேன். சிரிப்பா, கோவமான்னு பிடிபடல. அக்கா யாரப் பாக்குறாங்க?"

"என்னை."

"அப்ப என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை. 'வசு' என்று கூப்பிட்டேனா? பையை எடுத்தாயா என்று கேட்டேனா? ஏதோ சொல்லித்தான் அவள் திரும்பினாள். படம் இருக்கிறது. சொன்னது இல்லை.

"மறந்துபோச்சு," என்றேன்.

நாதிரா துணியை மடித்தாள். "சரி விடுங்க. புதுசா ஒண்ணு சொல்லுங்க. அவங்க திரும்பினாப் போதும்."

7

முடிவுகள்:

முதலாவது. 'பாத்துப் போங்க.' நவமணி லேசாகச் சிரிக்கிறாள். நாதிரா வரைந்துவிடுகிறாள். பட்டை நிறைகிறது. விளையாட்டு வெளியாகிறது. தப்பே இல்லாத முடிவு. எழுதிவிட்டு மூன்று முறை அழித்தேன்.

இரண்டாவது. புகைப்படத்தையே விட்டுவிடுவது. பஸ் முழுக்க ஓவியம், கடைசியில் மட்டும் நிஜ முகம். அழகாக இருக்கும் என்று சொல்வார்கள். அவள் வேண்டாம் என்று சொன்னது. கொன்றுவிடுவேன் என்றும் சொன்னாள். அதற்கு அவள் வர வேண்டும்.

மூன்றாவது. முடிக்காமலே இருப்பது. இப்போது நான் குடியிருக்கும் முடிவு இதுதான். நான் கணக்கெழுதும் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து ஏற்றும் லோரிக்காரர் நல்லுசாமி நேற்று ஆபீஸ் வாசலில் நிறுத்திக் கேட்டார். "என்ன கிராணி, உங்க கேம்ல அந்த பஸ்ஸு இன்னும் தாப்பா போய்ச் சேரலியா? நான் ரெண்டு தடவ போய்ட்டு வந்துட்டேன்லா."

8

இன்று காலை கடைசிக் காட்சியை மாற்றினேன். தேர்ந்தெடுக்கப் பதில்கள் இல்லை. அந்த இடத்தில் எழுதுவதற்கு ஒரு வெற்றுக் கட்டம். விளையாடுகிறவர் தனக்குத் தோன்றியதை எழுதலாம். என்ன எழுதினாலும் அவள் திரும்புவாள்.

நாதிராவிடம் சொன்னேன்.

"நல்லா மாட்டி விட்டீங்க," என்றாள். "ஒருத்தன் 'போ'ன்னு எழுதுவான். இன்னொருத்தன் 'போகாத'ன்னு எழுதுவான். நான் எந்த மூஞ்சிய வரையறது?"

"ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி."

"லேசாச் சொல்றீங்க." கொஞ்ச நேரம் புகைப்படத்தைப் பார்த்தாள். "இதுவே அப்படித்தானே இருக்கு." பிறகு, "வரையறேன். ஆனா மொத ஆளா நீங்க எழுதணும். நான் வரையறதுக்கு முன்னாடியே."

வீட்டுக்கு வந்து விளையாட்டைத் திறந்தேன். பிரிஞ்சாங்கிலிருந்து தாப்பா வரை முழுதாக விளையாடினேன், எதையும் தாண்டிவிடாமல். வழியெல்லாம் ஓவிய நவமணி, பாதி வசுமதி வரைந்தது, பாதி நாதிரா வரைந்தது. பஸ் நின்றது. அவள் இறங்கினாள். கட்டம் வந்தது.

எழுதினேன்.

வசுமதி திரும்பினாள். பார்த்தேன். திரையை மூட அவசரப்படவில்லை. அப்புறம் நாதிராவுக்கு 'வரையலாம்' என்று அனுப்பினேன். பக்கத்தில் இந்த மாதக் குறிப்பைப் போட்டேன்: 'கடைசிப் படம் வரைவதற்குப் போயிருக்கிறது. இதற்கு முன் நவமணியை வரைந்த வசுமதி என் மனைவி. அவர் இறந்துவிட்டார்.'

நான் கட்டத்தில் எழுதியதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அதையே எழுதுவீர்கள். இந்தக் கதைக்கு முடிவும் எழுத மாட்டேன். பஸ் தாப்பாவில் நிற்கிறது. அவள் முதுகுதான் தெரிகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. டிரைவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார், அவசரமில்லை.

சொல்லுங்கள்.

[                    ]