கடைசிக் கொக்குக் கார்கள்

ஜபருல்லா பாய் சிரித்தால் சின்னையாவுக்கு அன்று முழுவதும் சோறு இறங்காது. காரணமில்லாமல் சிரிக்கிற ஆள் இல்லை அவர். அன்றைக்குப் பினாங்கு ரோட்டு வாடகைக் கார் வரிசையில், சின்னையாவுக்குப் பின்னால் தம்முடைய காரை நிறுத்தி இறங்கியவர், நேராக வராமல் சின்னையாவின் காரைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். குனிந்து, பின்சக்கரங்களுக்கு நடுவிலிருந்த பின்னச்சைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"என்ன தம்பி, பின்னால சத்தம் கூடியிருக்கு போலிருக்கே?"

"உங்க வண்டி மட்டும் என்ன பாய்? நேத்து பிராங்கின் பாலத்து மேல பின்பக்கம் கத்துனது எனக்குக் கேக்கலன்னு நெனச்சீங்களா?"

"அது ஹார்ன் லா."

"ஹார்ன் வண்டிக்கு முன்னாலதானே இருக்கும்."

பாய் மறுபடியும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைப் பக்கம் போனார். அவரிடம் ஏதோ இருக்கிறது என்று சின்னையா அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

இரண்டு பேருடைய கார்களும் வெல்மோர். எட்டு வருஷத்துக்கு முன்னால் முதல் வெல்மோர் கப்பலிலிருந்து இறங்கியபோது, அதன் மூக்கில் ஒற்றைக்காலில் நின்ற பித்தளைக் கொக்கைப் பார்க்கத் துறைமுகத்தில் கூட்டம் கூடியது. வெல்மோர் என்ற பெயர் வாயில் நுழையாதவர்கள் கொக்குக் கார் என்றார்கள். அதுவே பெயராகிவிட்டது. மற்றக் கார்களைவிட ஒரு சாண் உயரம். பெருமழையில் தெரு குளமானாலும் கொக்கு மட்டும் கால் நனையாமல் போய்ச் சேரும் என்று பேசிக்கொண்டார்கள். சீன முதலாளிகளான தவுக்கேமார்கள் வாங்கினார்கள், தோட்டத்துத் துரைமார்கள் வாங்கினார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கொக்குக் கார் வராவிட்டால் பெண் வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலமும் இருந்தது.

அதற்கு ஒரே ஒரு குறை, பின்னச்சு. உள்ளே ஒரு பெரிய பல்சக்கரமும் ஒரு சின்னப் பல்சக்கரமும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றும். தீவின் மறுபுறத்துப் பாலிக் புலாவுக்குப் போகும் கெந்திங் மேட்டில் அடிக்கடி ஏறினால் அந்தப் பற்கள் உடையும். வெல்மோர் விற்ற கடை திறந்திருந்தவரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடைந்தால் புதுச் சோடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு போனார்கள்.

ரப்பர் விலை விழுந்தது. துரைமார்கள் கார்களை விற்றார்கள், வாங்க ஆள் இல்லை. சீமையில் வெல்மோர் செய்த தொழிற்சாலையே கதவைச் சாத்திவிட்டது என்று செய்தி வந்தது. சில மாதங்களில் பினாங்குக் கடையிலும் பலகை அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கொக்குக் கார் செத்தால் மற்றவை அதைத் தின்று பிழைத்தன. ஒன்றின் விளக்கு இன்னொன்றுக்குப் போகும், ஒன்றின் சக்கரம் வேறொன்றுக்குப் போகும். அப்படித் தின்று தின்று, 1931இல் வாடகைக்கு ஓடியவை இரண்டே இரண்டு: சின்னையாவுடையதும் ஜபருல்லா பாயுடையதும். எது முதலில் சாகும் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னையாவுக்கு அது வெறும் கார் அல்ல. தோட்டங்களில் வேலை இழந்தவர்களைச் சர்க்கார் செலவில் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த நேரம். கார் நின்றுவிட்டால் அவருக்கும் அந்தக் கப்பல்தான். டிரைவர் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் இருக்கிற டிரைவரையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி வடிவம்மாள் பினாங்கிலேயே, டத்தோ கிராமாட்டில் பிறந்து வளர்ந்தவள்.

"அங்க போயி எனக்கு யாரைத் தெரியும்?" என்றாள் ஒருநாள். "நீங்க கப்பல் ஏறுனா ஏறுங்க. நான் இங்கயே இடியப்பம் அவிச்சு வித்துக்குறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

இந்த நேரத்தில்தான் பாலிக் புலாவில் ஒரு ஜாதிக்காய்த் தவுக்கேயின் கொட்டகையில் செத்த வெல்மோர் ஒன்று கிடப்பதாகத் தகவல் கிடைத்தது. அதிகம் ஓடாத கார். வேண்டுமென்கிறவர்கள் கழற்றிக்கொண்டு போகலாம், கொட்டகை காலியானால் போதும் என்றாராம் தவுக்கே. சின்னையா யாரிடமும் மூச்சு விடாமல் போனார். போய்ப் பார்த்தால் பின்னச்சு ஏற்கெனவே திறந்து கிடந்தது. சின்னப் பல்சக்கரம் இல்லை. பெரியது மட்டும், துருப்பிடித்த ஆணிகளின் பிடியில், புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. அரைநாள் போராடி அதைக் கழற்றிக்கொண்டு திரும்பினார்.

ஆனால் பெரியது மட்டும் இருந்து பயனில்லை. சோடியாகச் செய்த பற்கள் அவை. பழைய சின்னதோடு புதுப் பெரியதைச் சேர்த்தால் ஒரு வாரத்தில் இரண்டையும் அரைத்துத் தூளாக்கிவிடும். சின்னதை எடுத்தவர் யார் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் ஐயமில்லை.

மறுநாளே பாய் தேத்தண்ணிக் கடையில் அவரைப் பிடித்துக்கொண்டார். "பாலிக் புலாவ்ல கொக்கு ஒண்ணு கெடக்குதாமே தம்பி. போனியா?"

"போனேன். உள்ள எலிப்புழுக்கைதான் கெடக்குது. நீங்க போகலியா?"

"நான் எங்க போறது. வெள்ளிக்கெழமை தொழுகைக்குப் போகவே நேரமில்ல."

இவர் பொய் சொல்கிறார் என்று சின்னையாவுக்குத் தெரிந்தது. தாம் சொன்னது பொய் என்று அவருக்கும் தெரிந்திருக்குமோ என்பதுதான் உறுத்தியது. பல்சக்கரம் வீட்டில் இருந்தால் பாய் என்றைக்காவது வந்து எட்டிப்பார்ப்பார். ஆகவே அதைக் கோணியில் சுற்றி, ஜெலுத்தோங்கில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் சந்திரசேகரனிடம் கொண்டுபோனார். வாய் திறக்கக் கூடாது என்று அவருடைய தாயார் மேல் ஆணை வாங்கிக்கொண்டார். ஆணையிடும்போது சந்திரசேகரன் ஏனோ இவர் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். அதையும் சின்னையா மனத்தில் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் பாய் தினமும் வரிசையில் அவர் காரின் பின்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. அன்று காலை வடிவம்மாள் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"போதுமா பாருங்க. சந்திரசேகரன் அண்ணன் பட்டறைக்கும் சேத்துத்தான் அரைச்சேன். அவரு வளைஞ்ச ஆணியக்கூட விடமாட்டாரு. எல்லாத்தையும் சாமி முன்னால பரப்பிப் பொட்டு வச்சாத்தான் அவருக்கு மனசு ஆறும்."

சட்டையில் ஒரு கையை நுழைத்த சின்னையா அப்படியே நின்றுவிட்டார். வருஷா வருஷம் அந்தப் பூஜைக்குப் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு வந்தவருக்கு, பொருளை அங்கே ஒளிக்கிற அவசரத்தில் இது மட்டும் தோன்றாமல் போயிருந்தது.

அவர் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது சந்திரசேகரன் சாமான்களையெல்லாம் வாழையிலைமேல் அடுக்கி, மேலே ஒரு வெள்ளை வேட்டியை மறைப்பாகக் கட்டி முடித்திருந்தார். தீபம் காட்டும்போதுதான் வேட்டியை விலக்குவார்.

"அண்ணே, என் சாமான மட்டும் வெளிய எடுத்துருங்க," என்றார் சின்னையா, குரலைத் தாழ்த்தி.

"பூஜைக்கு வைக்காத பொருளு என் பட்டறையில இருக்கக்கூடாது." சந்திரசேகரன் தம்முடைய வலது காலைத் தூக்கிக் காட்டினார். பெருவிரல் நசுங்கிக் கோணலாக இருந்தது. "ஒரு வருஷம் ஜாக்கி ஒண்ண மறந்து மூலையில விட்டுட்டேன். எது சறுக்குச்சு? அந்த ஜாக்கிதான்."

"யாராச்சும் பாத்துட்டா?"

"நீங்க சொல்லக்கூடாதுன்னுதானே ஆணை வாங்குனீங்க. நான் சொல்லல. சாமிக்கு மறைக்கச் சொன்னா முடியாது."

அந்த நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. ஜபருல்லா பாய். எந்த வருஷமும் எல்லாம் முடிந்து சுண்டல் கொடுக்கிற நேரத்துக்கு வருகிறவர், அன்று வேர்க்க விறுவிறுக்க முன்னாலேயே வந்து நின்றார். சின்னையாவைக் கண்டதும் அவர் முகம் ஒரு கணம் சுருங்கி நேரானது. சந்திரசேகரனைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், காதில் ஏதோ சொன்னார். சந்திரசேகரன் காலைத் தூக்கி அதே பெருவிரலைக் காட்டினார்.

இரண்டு பேரும் கூட்டு, என்று நினைத்தார் சின்னையா. எனக்கு முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள். நான் கொண்டுவந்து கொடுத்ததையும் சேர்த்துக்கொண்டு பாயின் காரில் மாட்டப்போகிறார்கள். கால் காட்டுவதெல்லாம் அவர்களுடைய சாடை.

மணி அடித்தது. வேட்டி விலகியது. திருப்புளிகள், சுத்தியல்கள், வளைந்த ஆணிகள் எல்லாவற்றுக்கும் நடுவே, சந்தனமும் குங்குமமும் துலங்க, பெரிய பல்சக்கரம் நின்றது. அதன்மேல் சாய்ந்தாற்போல் சின்னப் பல்சக்கரம். அதற்கும் அதே அளவில் பொட்டு.

சந்திரசேகரன் இரண்டுக்கும் சேர்த்தே கற்பூரத்தைச் சுற்றிக் காட்டினார்.

"எலிக்கு நல்ல பல்லுதான், தம்பி," என்றார் பாய்.

"போகவே இல்லன்னு சொன்ன ஆளுக்குக் குட்டி எலி எங்க பாய் கெடைச்சுது?"

"நான்தான் மொதல்ல போனேன். சின்னது வந்துருச்சு. பெருசுக்கு ஸ்பானர் பத்தல. மறுநா பெரிய ஸ்பானரோட போனா, எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். எவன்னு அப்பவே தெரியும்."

"அதான் என் வண்டிக்குப் பின்னாலயே சுத்துனீங்களா?"

"மாட்டிட்டியான்னு பாக்கத்தான்."

சின்னையாவின் கை தானாகவே இலையை நோக்கி நீண்டது. சந்திரசேகரன் குறுக்கே வந்து நின்றார். "நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடப்படாது."

யாரும் தொடவில்லை. யாரும் வீட்டுக்கும் போகவில்லை. தாம் போனால் மற்றவர் எடுத்துவிடுவார் என்று, ஆளுக்கொரு கவிழ்த்த தகரப்பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

"சின்னத எனக்கு வித்துடுங்க பாய்."

"பெருச நீ எனக்குக் குடு."

"உங்களுக்குக் குடுக்குறதுக்குப் பதிலாக் கடல்ல போடுவேன்."

"போடு. நானும் போடுறேன்."

"கடல் இந்தத் தெருக்கோடியிலதான் இருக்கு," என்றார் சந்திரசேகரன், சுண்டலை மென்றுகொண்டே. "நாளைக்கு ரெண்டு பேரும் சேந்தே போயிட்டு வாங்க."

வெயில் பட்டறைத் தரையைக் கடந்து சுவரில் ஏறியது. பாய் தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினார். "இந்தக் கெரேத்தா வண்டி நின்னுச்சுன்னா நான் மருமகன் சாப்பாட்டுக் கடையில மேசை தொடைக்கணும். அவன் கைய நீட்டிக் காட்டுற எடத்தையெல்லாம் தொடைக்கணும்."

சின்னையா கப்பலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். இந்த ஆளிடம் அதைச் சொன்னால் நாளைக்கு அதையே வைத்து மடக்குவார் என்று தோன்றியது. சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சந்திரசேகரனிடம் கேட்டார்: "பாய் வண்டியில இன்ஜின் எப்படிண்ணே?"

"நல்ல இன்ஜின். அடிச்சட்டம்தான் துரு. உங்க சட்டம் இரும்பு, இன்ஜின் இருமுது."

பாய் தலையைத் திருப்பினார். கடைசியில் பாய்தான் சொன்னார்: "ரெண்டையும் சேத்து ஒரே வண்டியாக் கட்டு."

"ஒருநாள் நீங்க, ஒருநாள் நானா?"

"ஆமா லா."

"உங்க நாள்ல பல்லக் கழட்டிட்டு வேற பல்லு போடமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"வேற பல்லு எங்க இருக்கு? செஞ்சவனே கடையக் கட்டிட்டுப் போயிட்டானே."

"இருந்தாலும் உங்க நாள்ல நானும் கூட வருவேன்."

"வா. உன் நாள்ல நானும் வருவேன்."

விஜயதசமி அன்று காலையில் சந்திரசேகரன் வேலையைத் தொடங்கினார். சின்னையாவின் சட்டத்தில் பாயின் இன்ஜின் ஏறியது. பின்னச்சில் ஜாதிக்காய்த் தவுக்கேயின் பற்கள் சேர்ந்தன. கழற்றும்போதும் மாட்டும்போதும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து இருவரும் பார்த்துக்கொண்டே இருந்ததில், பட்டறையில் வெளிச்சமே இல்லை என்று சந்திரசேகரன் திட்டினார்.

கார் சத்தமில்லாமல் ஓடியது. ஆனால் ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கத்தில் காவல் உட்கார்ந்தால், சவாரிக்கு ஓர் இடம் குறைந்தது. வடிவம்மாள் அதைக் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டாள். "சவாரி ஏத்துற எடத்துல சந்தேகத்த ஏத்திட்டுப் போறீங்க. அது காசு குடுக்குமா?"

ஒருநாள், பாய் ஓட்டும் முறை. தெலுக் கும்பாரைத் தாண்டி, கெந்திங் மேடு தொடங்குகிற இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ரொஸ்னா என்ற மலாய்ப் பெண் ஒருத்தி தாயோடும் ஜாதிக்காய்க் கூடைகளோடும் மரத்தடியிலிருந்து கையைக் காட்டினாள். பின்னிருக்கையில் ஏற்கெனவே ஆட்கள். முன்னால் சின்னையா.

பாய் பிரேக்கை மிதித்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சின்னையா முடியாதென்றிருப்பார். மேட்டின் அடிவாரம். இத்தனை சுமையோடு தாமும் இருந்தால் பற்கள் தாங்காது. இவர்களை விட்டுவிட்டுப் போனால் பின்னால் வருகிற பஸ் ஏற்றிக்கொள்ளும், நாளைக்கும் இவர்கள் பஸ்ஸுக்கே போய்விடுவார்கள். சின்னையா கதவைத் திறந்து மழையில் இறங்கினார். கூடைகளைத் தாமே தூக்கி ஏற்றினார்.

"முதல் வளைவுலயே கியர மாத்திடுங்க பாய். இழுக்க விடாதீங்க."

"உனக்கு முன்னாலேர்ந்து நான் இந்த மேடு ஏறுறேன்."

"அதான் சொல்றேன்."

கார் நகர்ந்தது. பித்தளைக் கொக்கு மழையில் பளபளத்துக்கொண்டு வளைவில் திரும்பி மறைந்தது. சின்னையா தலையைச் சாய்த்துக் கேட்டார். கியர் மாறிய சத்தம் சரியான இடத்தில் வந்தது. அடுத்த வளைவில் சத்தம் மெலிந்தது. அதற்குப் பிறகு மழைதான் கேட்டது.

மரத்தடியில் ஒதுங்கி நின்றார். எதிரே, பாலிக் புலாவிலிருந்து திரும்பிய பஸ் ஒன்று மேட்டிலிருந்து இறங்கி வந்து அவர் அருகில் நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"டவுனுக்கா அண்ணே? ஏறுங்க, நனையாதீங்க."

"நம்ம வண்டி வரும்," என்றார் சின்னையா. "மேல போயிருக்கு."

சொன்ன பிறகுதான், வராமலும் போகலாம், பாய் பாலிக் புலாவிலேயே வேறு சவாரி பிடித்துக்கொண்டு வேறு பாதையில் ஊர் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. பஸ் புறப்பட்டுப் போனது. அவர் ஏறவில்லை. மேட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.