துணைத் தலைவரின் சர்வீஸ் சீட்டுகள்

ஆஸ்பத்திரிகளில் அவருக்கு எக்ஸ்ரேக்காரர் என்று பெயர். எக்ஸ்ரே மெஷின் படுத்துவிட்டால் எழுப்பி உட்கார வைப்பவர். அந்தக் கைத்திறனை நம்பி வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று வேலை தர முன்வந்தது. குடியேற்ற விசாவுக்கு மனுப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. மகளுக்கு இருபத்தொரு வயது நிறைய இன்னும் மூன்றே மாதம். அதற்குள் விசா வந்தால் அப்பா, அம்மா, மகள் மூவரும் போகலாம். ஒரு நாள் தாண்டினாலும் சட்டப்படி அவள் குழந்தை இல்லை. இங்கேயே இருக்க வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்து விசா அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. வக்கீலம்மா போனில் சொன்னார்:

"உங்க பழைய கம்பெனி லெட்டர்ல துணைத் தலைவர்னு போட்டிருக்கு சார். துணைத் தலைவர் எதுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிச்சார்னு கேக்குறாங்க. எட்டு வருஷம் முழுநேரமா ரிப்பேர் வேலைதான் பார்த்தீங்கன்னு வேற லெட்டர் வாங்குங்க. சீக்கிரம்!"

பழைய முதலாளிக்கு ஒரு பழக்கம். சம்பளம் கூட்டிக் கேட்டால் பதவியைக் கூட்டிக் கொடுப்பார். எக்ஸ்ரேக்காரர் எட்டு முறை கேட்டார். துணைத் தலைவர் ஆனார். பன்னிரண்டு பேர் இருந்த கம்பெனியில் துணைத் தலைவர்கள் ஐந்து பேர். டீ வாங்கி வருகிறவர் உபசரிப்புத் துறை இயக்குநர்.

முதலாளி சுழல் நாற்காலியில் அரைச் சுற்று சுற்றி, விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"உன்னைக் கீழ இறக்கச் சொல்ற?"

"ஆமாங்கய்யா. மெக்கானிக்னு போட்டாப் போதும்."

"என் கையால ஒருத்தனையும் இறக்கினதில்லப்பா. இறக்கணும்னா காரணம் வேணும். ஒழுங்கு நடவடிக்கைன்னு எழுதவா?"

"எழுதினா அங்க உள்ளயே விடமாட்டாங்கய்யா."

"அப்ப துணைத் தலைவராவே இரு. கௌரவமா இருக்குல்ல?"

"கௌரவம் நிறைய இருக்குங்கய்யா. பொண்ணைத்தான் விட்டுட்டுப் போகணும்."

முதலாளி நாற்காலியில் மறுபடி அரைச் சுற்று சுற்றினார். மனம் இளகிவிட்டது என்று எக்ஸ்ரேக்காரர் நினைத்தார். முதலாளி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

"லெட்டர் கேக்காத. பின்னாடி ரூம்ல, நீ ரிப்பேருக்குப் போன ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்த பழைய சர்வீஸ் சீட்டு மூட்டை கிடக்கு. எடுத்துக்கோ. எனக்கும் இடம் காலியாகும்."

எக்ஸ்ரேக்காரர் வக்கீலம்மாவிடம் கேட்டார். "லெட்டரை விட அதுதான் நல்லது. தேதி இருக்கும், நேரம் இருக்கும், ஆஸ்பத்திரி சீல் இருக்கும். எட்டு வருஷத்துக்கும் வரிசையா அடுக்குங்க" என்றார்.

மூட்டையைக் கூடத்தில் கொட்டியதும் அவர் மனைவி மூன்று தும்மல் போட்டுவிட்டு, "உங்க துணைத் தலைவர் பவிசைப் பாருங்க" என்று சமையலறைக்குப் போனாள். அப்பாவும் மகளும் உட்கார்ந்து பிரித்தார்கள். சீட்டுகளில் கிரீஸ் கறை. வந்தவர் பெயருக்கு எதிரே ஆஸ்பத்திரி ஸ்டோர்க்காரர்கள் எல்லோரும் மெக்கானிக் என்றே எழுதியிருந்தார்கள். மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனைத் துணைத் தலைவர் என்று எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆறாவது வருடத்தை அடுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் சுவரில் சாய்ந்தார். மகள் ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"என்னம்மா?"

"காலையில எட்டுலேர்ந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும்னு போட்டிருக்கு. தேதியைப் பாருப்பா."

பார்த்தார். அவளுடைய பத்தாவது பிறந்த நாள்.

"நீ வந்தாத்தான் கேக் வெட்டுவேன்னு உக்காந்திருந்தேன். அப்படியே தூங்கிட்டேன்."

அவருக்கு ஞாபகம் இருந்தது. மெஷினில் என்ன கோளாறு என்பதுதான் ஞாபகம் இருந்தது.

"இதையும் வைக்கவாப்பா?"

"வை. முழுநேர வேலைன்னு நிரூபிக்கணுமாம்."

அவள் அதைக் கட்டின் மேலே வைத்தாள்.