குங்குமம் வைத்த மெமரி

அவிநாசியில் அன்புச்செல்வியின் கம்ப்யூட்டருக்கு ரேம் எனப்படும் பழைய மெமரி ஒன்றை வாங்கி மாட்டிய வாரத்திலிருந்து, அவளுக்கும் அவள் கணவன் ரவிக்குமாருக்கும் சத்தியமங்கலத்தில் இருக்கும் வேறு யாருடைய வீடோ நினைவுக்கு வரத் தொடங்கியது. மெமரி விலை தங்கத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறியிருந்த சமயம் அது. புதிது வாங்க முடியாதவர்கள் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் பழையது தேடி அலைந்தார்கள். அன்புச்செல்வி ரவிக்கைகளுக்கான எம்பிராய்டரி டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து தையல் கடைகளுக்கு அனுப்பும் வேலை செய்துவந்தாள். முகூர்த்த மாதங்களில் எல்லாரும் மயில் கேட்டார்கள். மயிலுக்குக் கழுத்து வந்து தோகை விரிவதற்குள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி நின்றுவிடும். இன்னொரு மெமரி சேர்த்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சொன்னார்கள்.

ரவிக்குமார் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். கோயம்புத்தூருக்குத் துணி மூட்டை ஏற்றிக்கொண்டு போன ஒரு நாளில், காந்திபுரத்தில் ஒரு மாடியில் பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரசாக் கடைக்குப் போனான். 'பொருத்தம் பார்த்து மெமரி மாட்டித் தரப்படும்' என்று ரசாக் வாசலில் எழுதி வைத்திருந்ததால், ஜாதகத்தோடு ஏறி வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் கோபிக்காமல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, எதிர்மாடியில் இருந்த ஜோதிடரிடம் அனுப்பிவிடுவது அவர் வழக்கம்.

"ஏனுங்க, பழசக் கழட்டிக் கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்திருக்கறனுங்க" என்று ரவிக்குமார் கைக்குட்டையை அவிழ்த்தான்.

"நல்லதாப் போச்சுங்க. போட்டோ காட்டி வாங்கீட்டுப் போறவங்கதான் மறுபடியும் பஸ் ஏறி வாராங்க."

ரசாக் அதைத் திருப்பிப் பார்த்து, டி.டி.ஆர். நான்கு, அதாவது நான்காவது வகை என்றார். மூன்றாவது வகைக்கும் ஐந்தாவது வகைக்கும் அடியில் இருக்கிற வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் உட்காராது, பலத்தைக் காட்டினால் பலகைதான் உடையும் என்றார். லேப்டாப்புக்கு வருவது குட்டை, அதுவும் ஆகாது. வேகம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். வேகமானது தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவானதோடு சேர்ந்து ஓடும். "அதுக அனுசரிச்சுப் போயிருமுங்க" என்று சொல்லி, ஒரு டப்பாவிலிருந்து சரியான ஜோடியை எடுத்துக் கொடுத்தார். அதன் முகத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. ஆயுத பூஜைக்கு லாரிக்கும் தறிக்கும் பொட்டு வைக்கிற நாட்டில் மெமரிக்கும் யாரோ வைத்திருக்கிறார்கள் என்று ரவிக்குமார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெமரி 'டக்'கென்று உட்கார்ந்தது. மயில் ஒரே மூச்சில் தோகை விரித்தது. ஐந்தாறு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது ரவிக்குமார் தலையைத் தூக்காமல், "லாஸ்யா, வெயில்ல நிக்காத கண்ணு, நெழல்ல வந்து நில்லு" என்றான்.

வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லாத வீடு அது. அன்புச்செல்வி கரண்டியை ரசத்திலேயே விட்டாள்.

"ஆருங்க அது லாஸ்யா?"

"தெரியலயே. சும்மா வாயில வந்துருச்சு."

"சும்மா வர்ற பேராங்க அது? பழனியாத்தாள்னு வந்திருந்தா சும்மான்னு நம்பியிருப்பேன்."

அவன் நல்லவன் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது சந்தேகத்துக்கு ஒரு நாளும் தடையாக இருந்ததில்லை. மறுநாள் அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். மல்லிகை வாசம் அடித்தது. சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டிலிருந்து கூடைகளை ஏற்றி வந்ததாக அவன் சொன்னான், அது உண்மைதான். உண்மை என்பதாலேயே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அவனோடு வண்டி ஓட்டும் ஆல்வினைப் போனில் கூப்பிட்டு, "தம்பி, அவருக்குச் சத்தியமங்கலத்துல ஆராச்சும் வேண்டப்பட்டவங்க இருக்கறாங்களா?" என்று கேட்டாள். "ஒரு டீக்கடைக்காரரு இருக்கறாருங்கக்கா, மீசை வெச்சிருப்பாரு" என்றான் ஆல்வின். சிநேகிதனைக் காப்பாற்றத்தான் அவன் மீசையைச் சேர்த்துச் சொல்கிறான் என்று அவள் நினைத்தாள்.

அவளும் ஒன்றை மறைத்தாள். மயில் வரைந்துகொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு பச்சைக் கேட் நினைவுக்கு வந்தது. அது கீல் இறங்கிய கேட், தூக்கித்தான் திறக்க வேண்டும். உள்ளே துவைக்கிற கல், இடப்பக்கம் உப்பு ஜாடி இருக்கிற சமையலறை, ஜன்னலுக்கு வெளியே மல்லிகைத் தோட்டம். அவள் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. ஆனால் தன் சமையலறையில் வலப்பக்கம் இருக்கும் உப்புக்கு இப்போது கை இடப்பக்கம் போனது. இதை ரவிக்குமார் பார்த்தான். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் பேச்சுவாக்கில், "எங்க கேட்டைத் தூக்கித்தான் தொறக்கோணும்" என்றாள். அவர்கள் வீட்டுக்குக் கேட்டே கிடையாது. ரவிக்குமார் அதைக் கேட்டான். அந்தக் கேட் அவன் நினைவிலும் இருந்தது. தான் வண்டியோடு வெளியூர் போகிற நாட்களில் இவள் அந்த வீட்டுக்குப் போய் வருகிறாளோ என்று நினைத்தான். இப்படி ஒரே வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் அந்த வீட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். அவிநாசியப்பர் கோயிலுக்குச் சேர்ந்து போவது நின்றது. அவன் முன்னால் போனால் அவள் பின்னால் போனாள். இருவரும் கருணாம்பிகை அம்மனிடம் கேட்டது ஒன்றேதான் என்பது அம்மனுக்கு மட்டும் தெரியும்.

கடைசியில் அன்புச்செல்வி சேலைகளை ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டாள். பொள்ளாச்சியில் அண்ணன் வீட்டுக்குப் போவது, போனால் வருவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அவள் கிளம்ப வேண்டிய நாளில் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊரில் காலை முதல் மின்சாரம் இல்லை. கதவருகே பையோடு நின்றவளுக்கு எதற்குக் கிளம்பினோம் என்றே பிடிபடவில்லை. பச்சைக் கேட்டும் இல்லை, லாஸ்யாவும் இல்லை. ரவிக்குமாரும் பளிச்சென்று இருந்தான். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து புளிசாதம் தின்று, விசிறிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரன் கால் தடுக்கி விழுந்ததைச் சொல்லிச் சிரித்தார்கள். மாலையில் கரண்ட் வந்தது. ஃபிரிட்ஜ் உறுமியது, கம்ப்யூட்டர் தானாக எழுந்தது, சந்தேகமும் எழுந்து வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது.

அன்புச்செல்வி யோசித்தாள். "கரண்டோட போயி கரண்டோட வருதுன்னா, அது உங்களுக்குள்ள இல்லீங்க. அந்தப் பொட்டிக்குள்ள இருக்குது."

கழற்றினால் மறந்துபோகும் என்று நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, மெமரியைக் கழற்றி இருவரும் ரசாக் கடைக்குப் போனார்கள். அவர்கள் தாளைப் பார்த்துச் சொன்ன எல்லாவற்றையும் அவர் கேட்டுவிட்டு, குங்குமத்தைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்தார். பழைய மெமரி எது வந்தாலும் அதன் தங்கப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பரால் அழுத்தித் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகுதான் விற்பாராம். இதில் குங்குமம் பல் வரைக்கும் வழிந்திருந்தது. தேய்த்தால் அதுவும் போய்விடும்.

"ஆரோ அவங்க சாமிக்கு வெச்சது, நாம எதுக்கு அழிக்கோணும்னு இத ஒண்ண மட்டும் தேய்க்காம உட்டுப்போட்டனுங்க. கரண்ட் போனா மெமரில ஒண்ணும் நிக்காதும்பாங்க. ஆனா இது அழியாம நின்னு, கரண்ட் வந்ததும் முழிச்சுக்குதுங்க." மேசை டிராயரிலிருந்து ரப்பரை எடுத்தார். "இப்பத் தேய்ச்சுரட்டுங்களா? எல்லாம் போயிரும்."

"தேய்ச்சுருங்க" என்றான் ரவிக்குமார் உடனே.

"எதுக்கு இத்தன அவசரம்?" என்றாள் அன்புச்செல்வி.

"செரி, தேய்க்காதீங்க."

"ஓ. அப்ப அவ இருக்கோணுமா உங்களுக்கு?"

ரசாக் ரப்பரை டிராயருக்குள் வைத்து மூடினார். சத்தியமங்கலத்தில் இருந்து ஒருவர் கம்ப்யூட்டரையே பிரித்துப் பாகம் பாகமாக விற்றுவிட்டுப் போனதாக மட்டும் சொன்னார். பிறகு அவர்கள் இருவருக்கும் டீ சொல்லி, "நேர்ல போய்ப் பார்த்துப்போடுங்க அம்மணி. தெரியாம இருக்கறதுதான் சிரமம்" என்றார்.

மறுநாள் காலையில் மெமரியைத் திரும்ப மாட்டி, கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சரக்கு ஆட்டோவில் கிளம்பினார்கள். பவானி ஆற்றுப் பாலம் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பச் சொன்னாள் அவள். அடுத்த திருப்பத்தை அவன் தானாகவே திருப்பினான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பச்சைக் கேட் இருந்தது. அவள் கேட்டைத் தூக்கித் திறந்தாள். உச்சி வெயிலில் முற்றத்தில் நின்று, தன் கணவனைப் பறித்தவள் எந்தக் கதவு வழியாக வருவாள் என்று பார்த்தாள்.

வந்தது வயதான ஒரு கணவனும் மனைவியும். ஈஸ்வரமூர்த்தி மல்லிகைத் தோட்டக்காரர், நாச்சியம்மாள் அவர் மனைவி.

"லாஸ்யா இருக்கறாங்களா?" என்றாள் அன்புச்செல்வி.

"அப்பிடி ஆரும் இங்க இல்லீங்களே" என்றாள் நாச்சியம்மாள்.

ஈஸ்வரமூர்த்தி போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். "நீங்க எந்த பேங்க்குன்னு சொன்னாலும் செரி, ஓ.டி.பி. தரமாட்டோம். ஆதார் காப்பியும் தரமாட்டோம். போன மாசம் இப்பிடித்தான் ரெண்டு பேரு புருசன் பொஞ்சாதின்னு வந்தாங்க."

"பேங்க்கெல்லாம் இல்லீங்க" என்றான் ரவிக்குமார்.

"பின்ன கேட்டைத் தூக்கித் தொறக்கோணும்னு உங்களுக்கு ஆரு சொன்னது? உளவு பாத்துப்போட்டு வந்திருக்கறீங்க." கையில் குச்சி இருந்தது. அதை ஓங்கவும் செய்தார். ஓங்கிய கையோடு அன்புச்செல்வியின் முகத்தில் வழிகிற வேர்வையைப் பார்த்தார். கை இறங்கியது. "திருடியோ என்னமோ இரு. அதுக்காக வெயில்ல நிக்காத கண்ணு, நெழல்ல வந்து நில்லு."

அதே வார்த்தைகள். அதே இழுவை, 'கண்ணு'வில் அதே இறக்கம். தன் வீட்டில் ரசத்துக்கு நடுவே கேட்ட குரல் யாருடையது என்று அன்புச்செல்விக்கு அப்போது தெரிந்தது. அது ஒரு பெண்ணிடம் மயங்கியவன் குரல் அல்ல. மகளைப் பெற்றவன் குரல். அவள் நிழலுக்கு வந்து, ரவிக்குமாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். சந்தேகப்பட்ட வீட்டின் முற்றத்தில் நின்று அழுகிறவர்களைப் பார்த்து, நாச்சியம்மாள் எதுவும் கேட்காமல் மோர் கொண்டுவந்தாள்.

மோர் குடித்த பிறகு, அந்தக் குரலோடு சேர்ந்து வந்த மீதி நினைவையும் அன்புச்செல்வி சொன்னாள். உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். பேர் லாஸ்யா. கம்ப்யூட்டர் அவளுடையது. ஆயுத பூஜையன்று மூடியைக் கழற்றி உள்ளே குங்குமம் வைத்தது அவள்தான். பாலக்காட்டுப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்னபோது அந்தக் கம்ப்யூட்டர் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. போனால் வராதே என்று அப்பா சொன்னதும், அவர் பிளக்கைப் பிடுங்கியதும் அதற்குக் கடைசியாக ஞாபகம் இருக்கிறது. மகளைப் பற்றிய நினைவு மெமரியோடேயே போய்விட்டிருந்ததால், பெற்றவர்கள் இருவரும் அதை யார் வீட்டுக் கதையோ போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரை விற்ற நாளிலிருந்து வீடு அமைதியாகிவிட்டதென்றும், அதை ஆண்டவன் கொடுத்த நிம்மதி என்று நினைத்தோமென்றும் நாச்சியம்மாள் சொன்னாள். சுவரில் மகள் படம் மாட்டியிருந்த வெளிர் சதுரத்தை அவள் தினமும் துடைத்து வந்திருக்கிறாள், எதற்கென்று தெரியாமல்.

அடுத்த முறை மெமரியையும் எழுதிய தாளையும் கொண்டுவந்து, மெமரியை அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று பார்த்தார்கள். பூ விலை பார்க்க ஈஸ்வரமூர்த்தி வாங்கியிருந்த புதுக் கம்ப்யூட்டர் ஐந்தாவது வகை. வெட்டு ஒரு மயிரிழை தள்ளி இருந்தது. அவர் அழுத்திப் பார்க்கப் போனார். "பலம் காட்டாதீங்கப்பா, உட்காராது" என்று தடுத்தான் ரவிக்குமார். அவரை அப்பா என்று கூப்பிட்டதை அங்கிருந்த யாரும் கவனிக்கவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அவிநாசிக்கு வரத் தொடங்கினார்கள். காலை பஸ்ஸில் வந்து, கோயிலில் கும்பிட்டுவிட்டு, அன்புச்செல்வி மயில் வரைகிற கம்ப்யூட்டர் எதிரே இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து மகளை நினைத்துக்கொண்டார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரமூர்த்திக்குத் தான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. அவர் சாப்பிடவில்லை. இரண்டாவது வாரம் நாச்சியம்மாளின் விரல்களுக்குப் போன் நம்பர் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் எடுத்தவள், "ஆருங்க பேசறது?" என்றாள். நாச்சியம்மாள் போனை நீட்டினாள். அன்புச்செல்வி போனை வாங்கி, "அம்மா ஊட்டுல இருந்து பேசறோம் அம்மணி" என்றாள்.

முதலை விழுங்கிய பிள்ளையைப் பல வருடம் கழித்து உயிரோடு திருப்பித் தந்த குளம் இருக்கிற ஊர் அவிநாசி. இதை அங்கே யாரும் அதிசயமாகப் பேசவில்லை. லாஸ்யா கணவனோடு தேர் சமயத்தில் வந்தாள். நினைவில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள். அன்புச்செல்வி ஆரத்தி எடுத்து, இலை போட்டு, அதட்டி அதட்டிச் சோறு போட்டாள். சத்தியமங்கலத்து வீட்டிலும் படம் மறுபடி சுவருக்கு வந்துவிட்டது. ஆனாலும் இப்போதும் லாஸ்யா ஊருக்கு வரும்போது முதலில் அவிநாசியில் இறங்கி, ஒரு நாள் தங்கி, அதற்கப்புறம்தான் சத்தியமங்கலம் பஸ் ஏறுகிறாள். அவளை ஏற்றிவிட ரவிக்குமார் பஸ் ஸ்டாண்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். உங்கள் பெண்ணா என்று டீக்கடையில் கேட்டால், ஆமாங்க என்கிறான்.