பல்பம் தின்ற பெண்

தம்பியின் சிலேட்டுக்காக வாங்கி வைத்திருந்த பல்பத்தில் ஒன்றை விளையாட்டாகக் கடித்துப் பார்த்ததில்தான் தொடங்கியது. பி.ஏ. இரண்டாம் வருடம் வருவதற்குள், பெட்டிக்கடையில் தானே வாங்கிக் கைப்பையில் ஒளித்துவைக்கும் அளவுக்குப் புஷ்பத்துக்கு அது பழகிவிட்டது.

அவள் அப்பா மாணிக்கவாசகத்துக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. மேற்கு மாம்பலம் வீட்டிலிருந்துதான் கடை ஆட்களுக்கும் சாப்பாடு போகும். அம்மா சீதா விடிவதற்கு முன்பே அடுப்பை மூட்டுவாள். ஆண்கள் சாப்பிட்டு, கடைக்கும் கொடுத்தனுப்பிய பிறகு மிஞ்சியதுதான் பெண்களுக்கு. அதற்குள் புஷ்பத்துக்குப் பஸ் வந்துவிடும். வெறும் காப்பியோடு ஓடுவாள்.

அவளைப் பயமுறுத்தியது பசி அல்ல. தூத்துக்குடியில் அவளுக்கு ஓர் அத்தை இருந்தாள். சுவர் மண்ணைச் சுரண்டித் தின்பாள். பைத்தியம் என்று ஊரே சொன்னது. கல்யாணம் ஆகாமலேயே காய்ச்சலில் போய்விட்டாள். இப்போது விருதுநகரிலிருந்து புஷ்பத்துக்கு வரன் வந்திருந்தது. அத்தையின் புத்தி தனக்கும் வந்துவிட்டது என்று நினைத்து அவள் நடுங்கினாள்.

ஒருநாள் கல்லூரியில் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த தோழி நீரஜா, அவள் வாயோரம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, நுரை தள்ளுகிறது என்று பதறி ஆட்களைக் கூப்பிடப் போனாள். புஷ்பம் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, உள்ளங்கையில் இருந்த பல்பத் துண்டைக் காட்டினாள். அத்தை கதையையும் அழுதபடியே சொன்னாள்.

"பைத்தியமா இல்லையான்னு டாக்டர் சொல்லட்டும், நீயா முடிவு பண்ணாதே. எங்காத்துல எல்லாரும் லஸ்ல ஒரு லேடி டாக்டர்கிட்டதான் போவோம். சாயங்காலம் வா" என்றாள் நீரஜா.

டாக்டர் அஃப்சருன்னிசா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். உள்ளே போய்ப் பரிசோதித்துவிட்டு வந்து, அம்மாவை அழைத்துவரச் சொன்னார். புஷ்பம் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் சீதா வந்ததும் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "இருக்கவேண்டிய ரத்தத்துல பாதிதான் இருக்கு. ரத்தம் குறைஞ்சா சிலருக்கு மண்ணு, சாம்பல், பல்பம்னு நாக்கு கேக்கும். மாத்திரையும் சாப்பாடும் ஒழுங்கா போனா தன்னால நின்னுடும். இதுல பைத்தியம் ஒண்ணும் இல்லம்மா."

சீதா "எங்க நாத்தனாருக்கும் இதுதானா?" என்று கேட்டாள். அவளைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது, இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். சீதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்து, தன் இமையைத் தானே கீழே இழுத்துக் காட்டினாள். "எனக்கும் பாத்துருங்கம்மா." அங்கும் சிவப்பைக் காணோம். மாத்திரையை இரண்டு பேருக்குமாக எழுதினார் டாக்டர்.

பல்பத்தின் மேல் இருந்த ஆசை விட்டுப்போகப் பல வாரம் ஆயிற்று. பயம் மட்டும் அன்றே டாக்டர் வாசலிலேயே விட்டுப்போயிற்று. புஷ்பத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓட்டலைக் கண்டதும் சீதா நின்றாள். ஆண் துணை இல்லாமல் அவள் ஓட்டல் படி ஏறியதே இல்லை. இன்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இட்லி வந்தது. யாருக்காகவும் காத்திராமல் முதல் வாயை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிடுட்டி, ஆறிப்போவும்" என்றவள், சர்வரிடம் இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னாள்.