எஃகு உருளையின் ரத்த அழுத்தம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, பெரிய ஆஸ்பத்திரியின் கருவிச் சோதனை அறையில் இருந்த எஃகு உருளைக்கு ரத்த அழுத்தம் நூற்று எழுபத்தாறுக்கு நூற்றெட்டு இருந்தது. உருளை என்றால் மனிதக் கையின் பருமனில், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு வெறும் குழாய். வார்டுகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வரும் பிரஷர் மிஷின்களின் பட்டையை அதன்மேல் சுற்றி, காற்றை ஏற்றி, மிஷின் காட்டும் எண்ணும் பக்கத்திலுள்ள பாதரசக் கருவியில் பாதரசம் நிற்கும் கோடும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். உருளைக்கு நாடி கிடையாது, ஆகவே நாடி பார்க்கச் சொன்னால் மிஷின் "பிழை" என்று காட்டிவிட்டு ஓய்ந்துவிட வேண்டும். அன்று ஓயவில்லை. சோதனைக்காரி பதினோரு மிஷின்களை மாற்றி மாற்றிச் சுற்றிப் பார்த்தாள். பதினொன்றும் ஒரே எண்ணைத்தான் சொல்லின. கடைசியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். அவசரமில்லாத ஆள் ஒருவர் கதவைத் தட்டுவது போல உள்ளே டொக் டொக்கென்று கேட்டது. ஒன்பது துடிப்புக்கு ஒருமுறை ஒன்று தவறியது.

அந்தத் தவறலை அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்த வேலைக்குப் படித்த காலத்தில், பழகிப்பார்க்க அவளுக்குக் கையை நீட்டியவர் அக்காவின் புருஷன்தான். கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். அவர் செத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அவருடைய மிஷினைச் சோதித்தவளும் அவள்தான். ஒரு மதிய நேரத்தில் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்று ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தார். ஐந்து அளவுகளில் பார்க்க வேண்டியதை அவள் நூறில் மட்டும் பார்த்தாள், சரியாக இருந்தது, நம்ம அத்தான் மிஷின்தானே என்று பச்சைச் சீட்டை ஒட்டிக் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு அந்த மிஷின் காலையும் மாலையும் அவருக்கு நல்ல சேதியே சொன்னது. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். ஊரெல்லாம் அதைச் சொல்லி அவர் பெருமைப்பட்டுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, ஜன்னல் கண்ணாடி ஒன்றில் கோடு போட்டு முடித்த கையோடு கடைக்குள் சரிந்தார். கோடு நேராகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அவள் ஏதோ சாக்குச் சொல்லி அந்த மிஷினை வாங்கிவந்து ஐந்து அளவுகளிலும் பார்த்தாள். நூறில் ஒழுங்காக இருந்த மிஷின் நூற்றைம்பதைத் தாண்டியதும் இருபத்திரண்டு புள்ளி குறைத்துக் காட்டியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

மேலாளர் உருளையை மாற்றச் சொன்னார். புதியது வந்த அன்றே அதற்கும் நாடி வந்துவிட்டது, பழையது குளிர்ந்துபோனது. தயாரித்த கம்பெனிக்கு எழுதியதற்கு, தங்கள் உருளைகள் எதற்கும் ரத்த அழுத்தம் இல்லையென்று முத்திரை வைத்துப் பதில் போட்டார்கள். மேலாளர் அதைக் கோப்பில் சேர்த்துவிட்டு, "வேலைக்கு இடைஞ்சல் இல்லைன்னா விட்டுடும்மா" என்றார். இடைஞ்சல் இல்லைதான். ஆனால் மாதாமாதம் எண் ஏறியது. நூற்று எண்பத்து நாலு, நூற்றுத் தொண்ணூறு, இருநூற்று ஆறு. வெயில் காலத்தில் உருளையைத் தொட்டால் காய்ச்சல்காரர் நெற்றி போலச் சுட்டது. இந்த மனிதர் தன் மேசைமேலேயே இன்னொரு தரம் சாகப்போகிறார், இந்தத் தடவையும் தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப்போகிறோம் என்று நினைத்தாள்.

அவர் போன பதினாலாவது மாதம், எண் இருநூற்றுப் பதினாலைத் தொட்ட நாளில், அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத்தானோட மிஷினை நான் ஒழுங்காப் பாக்கல."

அக்கா நிமிரவில்லை. "எவ்வளவு தப்பு?"

"இருபத்திரண்டு. குறைச்சுக் காட்டியிருக்கு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அவர் போன மறுவாரமே."

அக்கா கையிலிருந்த போர்வையை நாலாக மடித்து, எட்டாக மடித்து, அதற்குமேல் மடிக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். "பதினாலு மாசமா என் கையால சாப்பிட்டுட்டுப் போயிருக்க."

தங்கை உருளையைப் பற்றியும் சொன்னாள். ஒன்பதுக்கு ஒன்று தவறுவதைச் சொன்னபோதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு, "எந்திரி. அவரை எனக்குக் காட்டு" என்றாள்.

சோதனை அறையில் அக்கா உருளையின்மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றாள். பிறகு அதை ஒரு துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டாள். "நீ வச்சுப் பாத்தது போதும்" என்று தங்கையிடம் சொன்னாள். மேலாளர் தடுக்கவில்லை. பொருள் பதிவேட்டில் "உருளை ஒன்று, உறவினர் அழைத்துச் சென்றார்" என்று எழுதினார். அடுத்து வந்த உருளை வெறும் உருளையாகவே இருந்தது.

அக்கா தங்கையிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனாலும் எந்த மிஷினையும் நம்ப அவளுக்கு மனம் வரவில்லை, பாதரசக் கருவி தங்கையிடம்தான் இருந்தது. ஆகவே ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குக் கதவு திறந்திருக்கும். தங்கை உள்ளே போய், கட்டிலில் தலையணைமேல் கிடக்கும் உருளைக்குப் பட்டையைச் சுற்றி, கேட்டு, எண்ணைச் சொல்லுவாள். அக்கா எழுதிக்கொள்வாள். தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டாள். இரண்டு வருடம் இப்படியே போனது. எண் மெல்ல மெல்ல இறங்கியது. மூன்றாம் வருடம் ஒரு ஞாயிறு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா முதன்முறையாக வாய் திறந்தாள்.

"நூத்தைம்பதுன்னு போட்டுக்கட்டுமா?"

"இல்லக்கா. நூத்தைம்பத்தாறு."

அக்கா அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, நூற்றைம்பத்தாறு என்று எழுதினாள். அன்று தேநீர் வந்தது. சர்க்கரை இல்லை, ஆனால் வந்தது.

ஐந்தாம் வருடம் அக்காவுக்கு ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. காலையில் போனால் ஏழு மணிக்குத்தான் திரும்ப முடியும். முதல் நாள் அவள் துண்டுப் பொட்டலத்தோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றாள். "பகல்ல வீட்டுல தனியாக் கிடப்பாரு. உன்கூடக் கூட்டிட்டுப் போ. சாயந்திரம் கொண்டுவந்து விட்டுடு." தங்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவர் பகலில் சோதனை அறை மேசையிலும் இரவில் வீட்டிலும் இருக்கிறார். வீட்டில் நூற்று முப்பத்தெட்டு, ஆஸ்பத்திரியில் எப்போதும் பத்துப் புள்ளி கூடுதல். தங்கை கலங்கிப்போய் இதைச் சொன்னபோது அக்கா சட்டை செய்யவில்லை. "ஆஸ்பத்திரி வாடையே அவருக்கு ஆகாது, உனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.