துவைத்த வரைபடங்கள்

1

இந்தக் கதை எனக்குப் போனில் கிடைத்தது. சொன்னவள் கோகிலவாணி. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. இப்போது கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற மலைக்கிராமப் பகுதியில் இருக்கிறாள். அவள் கணவர் அர்த்தனாரி கட்டடக் கலைஞர், போன வருடம் காலமானார். ஊர் ஊராகக் கட்டடம் கட்டிவிட்டு, கடைசியில் மலைமேல் தனக்கென்று ஒரு வீடு கட்டி, அதில் தன் காகிதங்களை எல்லாம் அடைத்து வைத்துவிட்டுப் போனவர்.

வாணி எதையும் விவரிக்க மாட்டாள். அவ இப்படிச் சொன்னா, நான் இப்படிக் கேட்டேன் என்று குரல் மாற்றிப் பேசிக் காட்டுவாள். எனக்கும் அது போதும். இந்த வயதில் எனக்குக் கதாபாத்திரங்களின் முகம் தோன்றுவதில்லை. யார் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார்கள் என்பது மட்டும் தோன்றுகிறது. மலையழகை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

2

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "பனி மூடிய ஒரு காலையில், மாபெரும் கலைஞரின் வாழ்நாள் உழைப்பு ஒரு வாளித் தண்ணீரில்…"

(வேண்டாம். அர்த்தனாரியே இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார்.)

இரண்டாவது: "அவருடைய பீரோவில் சர்க்கரை நோய் ரிப்போர்ட்டும் பள்ளிக்கூட எஸ்டிமேட்டும் ஒரே கோப்பில் இருந்தன."

(பரவாயில்லை. உண்மையும்கூட. சொந்தக் காகிதம், தொழில் காகிதம் என்று அவர் பிரித்ததே இல்லை. மகள் பிறந்த நேரத்தை ஒரு கூரை வரைபடத்தின் ஓரத்தில் குறித்திருந்தாராம். ஆனால் இதில் யாரும் பேசவில்லையே.)

மூன்றாவது:

"தொவைச்சுப் போட்டுட்டனுங்க."

இதுதான் தொடக்கம்.

3

சொன்னது பாப்பாயி. பக்கத்துக் காட்டுக்காரி, சொந்தமாக மிளகும் மரவள்ளியும் வைத்திருக்கிறாள். காலையில் வந்து வாணிக்கு ஒத்தாசை செய்வாள், வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவளிடம் இருக்கும். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி, கட்டடக் கலைஞர்களின் காகிதங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. அங்கிருந்து ஆள் வரப்போகிறார், பெட்டிகளை எடுத்து வை என்று வாணி அவளிடம் சொல்லியிருந்தாள்.

"என்னத்தத் தொவைச்ச?"

"அந்தத் தகரப் பொட்டியில இருந்த துணிங்கம்மா. ஒரே பூஞ்சை. வெளியூர்க்காரங்களுக்குக் குடுக்கறத அழுக்கோடவா குடுக்கறது? பூந்திக்கொட்டை போட்டு, சுடுதண்ணியில ஊற வெச்சு, நல்லாக் கும்மி…"

"பாப்பாயி, அது வரைபடம்."

"காயிதத்த நான் தொடவே இல்லீங்க. காயிதத்தப் போயி யாராச்சும் தொவைப்பாங்களா? இது துணிங்க."

"அதுல கோடு இருந்துச்சே?"

"இருந்துச்சுங்க. நல்ல வேளை, எல்லாம் போயிருச்சு."

[இங்கே ஒரு விளக்கம் தேவை. அந்தக் காலத்தில் முக்கியமான வரைபடங்களைக் கஞ்சி ஏற்றிய மெல்லிய பருத்தித் துணியில் மசியால் வரைவார்கள். காகிதம்போல விறைப்பாக, கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும். வெந்நீரில் போட்டால் கஞ்சி கரையும். கஞ்சியோடு மசியும் போகும். இன்னொன்று: பாப்பாயி வீட்டில், வாசல் தாண்டிப் போகிற துணி எதுவானாலும் துவைத்து உலர்த்தித்தான் போகும். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுக்கிற புதுத்துணிகூட.]

வாணி வெளியே போய்ப் பார்த்தாள். மிளகுக்கொடிக்குப் பக்கத்தில் கொடிக்கயிறு நிறைய வெள்ளைத் துணி.

"தொட்டுப் பார்த்தேன்டி. மெத்துமெத்துன்னு இருந்துச்சு. அந்த மனுசன் ஒரு நாளும் இவ்வளவு மெத்துன்னு இருந்ததில்ல" என்றாள் என்னிடம்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு அழுதாள். கொடியில் காய்ந்தது அதே மலையின் குண்டனி நாட்டில் மலைப் பிள்ளைகளுக்காக அவர் கட்டிய விடுதி. கட்டடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். அப்படி ஒன்று இருந்ததற்கு மிச்சம் இருந்தது அந்தத் துணிகள்தான். கல்லூரிக்காரர்கள் முதலில் கேட்டதும் அவற்றைத்தான்.

4

கல்லூரியிலிருந்து வந்தவர் சதீஷ்குமார். இவரை நான் முதலில் வில்லனாக எழுதினேன். கறுப்புக் கண்ணாடி, பாதி ஆங்கிலம், பாப்பாயியைப் பார்த்து ஒரு முறைப்பு. வாணியிடம் படித்துக் காட்டினேன்.

"கண்ணாடியா? அந்தத் தம்பி வந்ததும் வராததுமா, 'அம்மா, பஸ்ல வாந்தி எடுத்துட்டேன், கொஞ்சம் தண்ணி குடுங்க'ன்னுச்சுடி."

மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டு வந்தவரை வில்லனாக வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எழுதியதை அடித்துவிட்டேன்.

அவர் பொறுமையாகத்தான் பெட்டிகளைப் பார்த்திருக்கிறார். கடைசியில் கேட்டார்:

"விடுதி வரைபடம்?"

"இல்ல கண்ணு. போயிருச்சு."

"எப்படிம்மா? எங்க பட்டியல்ல, இல்லாம போனதுக்கும் ஒரு வரி எழுதியாகணும். என்ன ஆச்சு, யாரால ஆச்சுன்னு. பட்டியல் இருக்கிற வரைக்கும் அந்த வரி இருக்கும்."

இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு வரிக்காகத்தான். பாப்பாயி பெயரைச் சொன்னால், நாளை யார் யாரோ படித்து, மேதையின் படத்தை அழித்தவள் இவள் என்பார்கள். சொல்லாமல் விட்டால்…

வாணி சொன்னாள்: "கரையான்னு எழுதிக்க."

அப்போது பாப்பாயி காபியோடு உள்ளே வந்தாள்.

5

"ஏனுங்கம்மா, நானென்ன கரையானுங்களா?"

"சும்மா இரு பாப்பாயி."

"என்னத்தச் சும்மா இருக்கறது? தம்பி, தொவைச்சது நானு. கையி நோவத் தொவைச்சேன். எம்பேர எழுதுங்க."

"உனக்கு வெவரம் புரியல. எழுதுனா எழுதுனதுதான். படிக்கறவங்க எல்லாம் உன்னத் திட்டுவாங்க."

"திட்டட்டுமுங்க. பேரு தெரிஞ்சாத்தான திட்ட முடியும்?"

(இங்கே சதீஷ்குமாரை ஏதாவது பேசவைக்க நான் மூன்று தடவை முயன்றேன். மனுசன் காபியை ஆற்றிக்கொண்டே இருக்கிறார்.)

"அந்த ஆஸ்டலுக்குக் கல்லுச் செமந்தவ நானு. எங்கூட்டுக்காரரு செமந்தாரு. இத்தன பொட்டி இருக்குதே தம்பி, ஒண்ணுலயாச்சும் எங்க பேரு இருக்குதுங்களா?"

அவர் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். நிலம் கொடுத்தவர் பெயர் இருந்தது. சிமெண்டு விற்றவர் பெயர் இருந்தது. திறந்து வைத்தவர் பெயர் ஏழெட்டு இடத்தில் இருந்தது.

"இல்லீங்க" என்றார்.

"அப்பறம் என்ன? இதுலயாச்சும் போடுங்க."

"அவ பேரப் போட்டா எம்பேரு முன்னாடி வரணும்" என்றாள் வாணி. "சாவி குடுத்தது நான்."

"சாவி குடுத்தா தொவைச்ச மாதிரி ஆயிருமுங்களா? இதுலயும் நீங்கதான் முன்னாடியா?"

வாணி இதை எனக்குச் சொல்லும்போது குரல் மாற்றவில்லை. தன் குரலிலேயே சொன்னாள்.

6

முடிவு அ: சதீஷ்குமார் 'கரையான்' என்று எழுதி, கும்பிட்டுவிட்டு, பஸ் ஏறினார். (நடந்திருக்கலாம். ஆனால் பாப்பாயி அவரை வாசல் தாண்ட விட்டிருப்பாளா?)

முடிவு ஆ: இரண்டு பெயரும் ஒரே வரியில். இருவரும் கட்டிக்கொண்டு… (அந்த இருவரையும் தெரிந்தவர் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.)

முடிவு இ, வாணி சொன்னபடி: அவர் பென்சிலை எடுத்தார். பழைய காகிதங்களுக்குப் பக்கத்தில் பேனா திறக்கக் கூடாதாம், அது அவர்கள் தொழிலில் விதி.

"பென்சில்லயா?" என்றாள் பாப்பாயி. "அழிஞ்சிருமே! மசியே நிக்கல."

"நீங்க தொவைக்காம இருந்தீங்கன்னா நிக்குமுங்க" என்றார் சதீஷ்குமார்.

பாப்பாயி சிரித்த சிரிப்பில் வாணி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். இல்லை, அது வேறு நாள். சதீஷ்குமார் வந்த அன்று நான் போனில் இல்லை. அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது, அவ்வளவுதான்.

அவர் எழுதினார். என்ன எழுதினார் என்று

7

அங்கேயே நிறுத்தினேன். என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை எழுதுவதற்கு முன் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: பாப்பாயி என்பது அவள் பெயர் இல்லை. கதை எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, அவளுக்கு நல்லது என்று நினைத்து மாற்றினேன். மாற்றிவிட்டுத்தான், தன் பெயரை எழுதச் சொல்லி அவள் போட்ட சண்டையை மேலே அவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறேன்.

வாணிக்குப் போன் போட்டேன்.

"அவ பேரப் போடலாமா வாணி?"

"என்னைய ஏன் கேக்கற? ஏற்கெனவே பட்டது போதும். இரு, அவகிட்டயே குடுக்கறேன்."

அந்தப் பக்கம் கோழி விரட்டும் சத்தம்.

"சொல்லுங்கம்மா."

"உங்களைப் பத்தி ஒரு கதை எழுதியிருக்கேன். உங்க சொந்தப் பேரைப் போடட்டுமா, வேற பேரே இருக்கட்டுமா?"

கோழியை இன்னொரு தடவை விரட்டினாள்.

"நல்ல பேரா வெச்சிருக்கறீங்க?"

"பாப்பாயி."

"அது எங்க நாத்தனா பேருங்க. அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது."

"அப்ப மாத்திடட்டுமா?"

"மொதல்ல படிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

ஆக, வாசகரே, என் கையில் ஒன்றும் இல்லை; சதீஷ்குமார் எழுதிய வரியும் அவள் சொல்லும்வரை அப்படியே நிற்கும். கதை உங்களிடம் வரும்போது பாப்பாயி என்றே இருந்தால், சொந்தப் பெயர் வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். அல்லது முதலில் வேறு பெயர் வைத்திருந்து, அவள் கேட்டபடி எல்லா இடத்திலும் பாப்பாயி என்ற அவள் சொந்தப் பெயருக்கே நான் மாற்றியிருக்கலாம். நாத்தனார் கதைகூட அதை மறைக்கப் போட்டதாக இருக்கலாம். எது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் அவளை எந்தப் பெயரில் திட்டப்போகிறீர்கள், எந்தப் பெயரில் நினைக்கப்போகிறீர்கள் என்பது உங்கள் பாடு.

"ஏனுங்கம்மா, லைன்ல இருக்கறீங்களா? படிங்க. சத்தமாப் படிங்க."