ஹபீபா பீவி கழித்த விதைகள்

சோயாப் பயறு வாங்குவதற்கு முன் வியாபாரி ஷேக் அலாவுதீன் அதைக் கடித்துப் பார்ப்பார், சுளகில் தட்டிப் பார்ப்பார். கடைசியில் ஒரு மணியை நசுக்கிக் காகிதத்தில் தேய்த்து வெயிலில் பிடிப்பார். எண்ணெய்க் கறை எவ்வளவு படர்கிறதோ அவ்வளவுதான் சரக்கின் யோக்கியதை. பினாங்கில் சோயாப் பாலைக் கட்டியாக்கித் தாஹூ செய்யும் சீனர்கள்கூட அவர் பிடித்த காகிதத்துக்கு மறுபேச்சு பேசமாட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவரிடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் அம்பிகைபாகன் ஒரு யோசனையோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே படம் எடுப்பவர்.

"அமெரிக்காவிலை பார்லி விதைக்கு எக்ஸ்ரே அடிச்சுப் பாத்திருக்கினம், அண்ணை. பேரப்பயிர் வேற மாதிரி வந்ததாம். நாங்கள் சோயாவுக்கு அடிச்சுப் பாப்பமே? எண்ணெய் கூடினாலும் கூடும்."

"உங்க பெட்டி ஒடஞ்ச எலும்பைத்தானே காட்டும்? என் பயறுக்கு எந்த எலும்பு ஒடஞ்சுச்சு, டாக்டரே?"

சிரித்துக்கொண்டே ஒரு படி சோயா அளந்து கொடுத்தார்.

அடித்த விதை ஆஸ்பத்திரிக் கொல்லையில் முளைத்தது. முதல் போகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அலாவுதீன் அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். இரண்டாம் போகத்தில் நானூறு செடிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் தனியாக நின்றது. அதன் மணிகள் சிறுத்து, சுருங்கி, பழுப்பாக இருந்தன. மொத்தம் அறுபது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவற்றைச் சிவப்புத் துணிப்பையில் முடிந்து கொண்டுவந்தார் அம்பிகைபாகன்.

"பெட்டியின்ரை குழாய் போன மாசம் எரிஞ்சு போச்சு, அண்ணை. புதுசு வாங்கமாட்டினமாம். இது போனால் திரும்ப இல்லை."

"மேசையில வைங்க. ஜும்ஆ தொழுதுட்டு வந்து காகிதம் பிடிக்கிறேன்."

தொழுதுவிட்டு வந்தபோது வாசலில் அம்பிகைபாகன் காத்திருந்தார். பையை அவிழ்த்தால் உள்ளே கொழுகொழுவென்று உருண்ட மணிகள். அலாவுதீன் ஒன்றைக் கடித்துப் பார்த்தார்; தன் கிடங்குச் சரக்கேதான். இருபது வருஷமாகக் கிடங்கில் பயறு பொறுக்கும் ஹபீபா பீவியின் கைவேலை இது! முதலாளி மேசையில் சொத்தை கிடப்பதைச் சகிக்காமல் அத்தனையையும் கழித்துவிட்டு, நல்ல மூட்டையிலிருந்து அள்ளி நிரப்பிவிட்டாள். கழிவு பொறுக்கினவளுக்கே சொந்தம் என்பது கிடங்கு வழக்கம். முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கும் போய்விட்டாள்.

ரிக்‌ஷா பிடித்துச் சுங்கை பினாங்கில் இருந்த அவள் வீட்டுக்குப் பறந்தார்கள்.

"லாத்தா, அந்தச் சொத்தைப் பயறு எங்கே?" என்று அக்காள் முறை வைத்துக் கேட்டார் அலாவுதீன்.

"ஊறப் போட்டிருக்கேன், தம்பி, குழம்புக்கு. ஏன், வெள்ளிக்கிழமை விருந்துக்கு வந்தீங்களா?"

அம்பிகைபாகன் படியில் உட்கார்ந்துவிட்டார். மறுகணமே துள்ளி எழுந்தார்.

"அக்கா, அவிக்கேல்லைத்தானே? அப்ப உயிரோடைதான் இருக்கு! ஆனா இண்டைக்கே நடோணும்."

சுளகில் இரண்டு மூன்று மணிகள் ஊறப்போடாமல் தங்கியிருந்தன. அலாவுதீன் ஒன்றை எடுத்தார். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் கிடங்குப் பயறிலும் ஒன்று எடுத்தார். இரண்டையும் அம்மியில் தனித்தனியே நசுக்கி, ஒரே காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் தேய்த்து, வெயிலில் பிடித்தார்.

கிடங்குப் பயறின் கறை ஒரு காசளவு பரவி நின்றது. மற்றது நிற்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காசைத் தாண்டி, இரண்டு காசளவாகி, இன்னும் படர்ந்தது. அதன் வழியே எதிர்வீட்டுத் தென்னையின் பச்சை தெரிந்தது.

 முப்பது வருஷத்தில் அலாவுதீன் பிடித்த காகிதம் எத்தனை! உலகத்துப் பயறெல்லாம் தன் பல்லுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் ஒரு விதைக்குள் கொஞ்ச நேரம் போய் வந்திருக்கிறது. அந்த விதையின் பேரன் இப்படிப் பிறந்திருக்கிறான். படைத்தவன் இன்னும் எத்தனையை இந்தச் சின்ன மணிக்குள் மடித்து வைத்திருக்கிறானோ? 

"சுபுஹானல்லாஹ்," என்றார் மெல்ல.

ஹபீபா பீவி பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"கழிவு என்னோடதுதானே, தம்பி? வேணும்னா என் வாசல்லயே நடுங்க. நான்தான் தண்ணி ஊத்துவேன். காய்ச்சதும் நான்தான் பொறுக்குவேன்."

அம்பிகைபாகன் பதறிப்போய் அலாவுதீனைப் பார்த்தார். முடிவெட்டுகிறவனிடம்கூட மீசைக்குத் தனிப் பேரம் பேசுகிற மனுஷர்; இதற்குச் சும்மா விடுவாரா?

"சரி, லாத்தா," என்றார் அலாவுதீன். "ஆனா பொறுக்குறப்ப மட்டும் எதையும் கழிச்சுடாதீங்க."

கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசல் மண்ணில் குந்தினார். முதல் குழியை அவர் விரலே குத்தியது.